முரசின் மேல் பட்டாணி

ரோஸ்கலன், அயர்லாந்து, அக்டோபர் 4, 1650

முதலில் தேதி விஷயம். நான் போடுவது ஃபிளாண்டர்ஸ் தேதி, போப் திருத்திய புதுக் காலண்டர். இந்த ஊர் இன்னும் பழைய காலண்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறது, பத்து நாள் பின்னால். கவர்னருக்கு இன்று செப்டம்பர் 24. கத்தோலிக்க ஊர்தான், ஆனால் போப் சொன்னதைக் கேட்க மாட்டார்கள், ஆங்கிலேயன் போடும் தேதியைத்தான் போடுவார்கள். என்னால் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ள முடியாது.

கிழக்கு மதிலைப் பார்த்தேன். கேவலம். எட்டு வருடம் ஃபிளாண்டர்ஸில் ஸ்பானியப் படையில் கோட்டை கட்டவும் உடைக்கவும் படித்துவிட்டு வந்து இதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அவசரத்தில் எங்கெங்கோ இருந்து பிடுங்கிய கல். சிலவற்றில் முகம் செதுக்கியிருக்கிறது. இறக்கை முளைத்த குழந்தை முகங்கள். ஒன்று தலைகீழாக வைத்துக் கட்டப்பட்டு என்னையே பார்த்தது. எந்தக் கோயிலை இடித்தார்களோ. செதுக்கிய கல் சாந்தில் சரியாகப் பிடிக்காது, அதுதான் என் கவலை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் எதிரி. போன வருடம் லண்டனில் ராஜாவின் தலையை வெட்டிய பாராளுமன்றத்தின் படை. இந்தப் பக்கம் நாங்கள்: வடக்கிலிருந்து வந்த ஐரிஷ்காரர்கள், ராஜாவின் ஆட்கள், நடுவில் ஊர்க்காரர்கள். மூன்று பேரும் முன்பு ஒருவரையொருவர் சுட்டவர்கள்தான். கவர்னர் கர்னல் டெவெரோ இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் படைக்கு எதிராக நின்றவர். இந்த நாட்டில் யார் எந்தப் பக்கம் என்று காலையில் எழுந்ததும் ஒருமுறை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் கஹால் வீட்டில் தங்கியிருக்கிறேன். அவன் இந்த ஊரில் பெண் எடுத்து இங்கேயே தோல் பதனிடும் தொழில் செய்கிறான். அண்ணி சோர்கா ரொட்டி சுடுகிறாள். எட்டு வருடம் கழித்துப் பார்த்தவன் முதலில் சொன்னது, “டேய் டர்லோ, உனக்கு முடி கொட்டிப் போச்சேடா.”

அக்டோபர் 7

எதிரியின் பீரங்கிகள் சின்னவை. மதிலை உடைக்காது. நான் அவன் இடத்தில் இருந்தால் மதிலுக்குக் கீழே சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்பேன். அவனும் அதைத்தான் செய்வான்.

அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி கேட்பது. கிழக்குக் கொத்தளத்தின் அடியில் இருக்கும் அறையில், மண் தரையில் ஒரு முரசை வைத்தேன். தோலின் மேல் ஒரு கை காய்ந்த பட்டாணி. பூமிக்குள் எங்கே கடப்பாரை விழுந்தாலும் அதிர்வு தோலுக்கு வரும், பட்டாணி குதிக்கும். இரண்டாவது முரசை வேறு இடத்தில் வைத்து ஒப்பிட்டால் திசையும் தெரியும்.

“இன்னும் ஒரு வாரம் முற்றுகை நீடிச்சா இந்தக் கருவியை நான் தின்னுடுவேன் கேப்டன்,” என்றார் சார்ஜென்ட் முயிரிஸ். என் ஊர்ப்பக்கத்து ஆள், வயதில் மூத்தவர், வாய் சும்மா இருக்காது. பட்டாணியை விளக்கெண்ணெயில் புரட்டி வைத்தேன். இனி யாரும் தின்ன மாட்டார்கள்.

ஆனால் வேலை நடக்கவில்லை. ஊருக்குள் கொள்ளைநோய். தினமும் சாவு, தினமும் ஒப்பாரி. இங்கே பெண்கள் சும்மா அழுவதில்லை. ஒருத்தி தொடங்குகிறாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள், குனிந்து பிணப்பெட்டியின் மேல் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடிக்கிறார்கள். புதைத்தபின் மண்ணின் மேல் அடிக்கிறார்கள். இந்த அடிக்கு முரசில் பட்டாணி கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆடுகிறது. இந்தச் சத்தத்தில் எதிரி பூமிக்குள் பட்டாளத்தையே நடத்திக்கொண்டு வந்தாலும் எனக்குத் தெரியாது.

கவர்னரிடம் போய் ஒப்பாரியை நிறுத்தச் சொன்னேன்.

“இன்ஜினியர், சோறு இல்லைன்னா பொறுத்துக்குவாங்க. செத்தவனுக்கு அழாதேன்னா ஊர் தாங்காது,” என்றார்.

“மதில் விழுந்தா மொத்த ஊருக்கும் அழணும். அப்போ அழ ஆள் இருக்காது,” என்றேன். “அது மட்டுமில்ல. தினமும் எத்தனை பேர் சாகிறாங்கன்னு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தே எண்ணிட்டிருக்கான்.”

இரண்டாவது காரணம்தான் வேலை செய்தது. உத்தரவு வந்துவிட்டது. ஒப்பாரி கூடாது, கூட்டம் கூடாது, பிணம் நேராக வண்டியில் ஏற வேண்டும்.

அக்டோபர் 9

அமைதி. பட்டாணி அசையவில்லை. இப்போதுதான் இது வேலை செய்கிற ஊர் மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 13

கஹால் இன்று காலை செத்துப்போனான். கக்கத்தில் கட்டி, பிறகு காய்ச்சல். நான் கொத்தளத்தில் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆள் வந்து சொன்னபோது கயிறு இழுத்துக் கட்டியிருந்தது, பாதியில் விட்டால் முழுவதும் மறுபடி அளக்க வேண்டும். முடித்துவிட்டுப் போனபோது வண்டி கிளம்பிவிட்டது. கிழக்குத் தெருப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்கவில்லை.

தெரு முழுக்கப் பெண்கள் வாசலில் நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. அண்ணி அழவில்லை. இரண்டு கைகளையும் இடுப்புத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள், யாரோ கட்டிப்போட்ட மாதிரி. பக்கத்தில் மீன்கடைக்கார நூலா. இந்த ஊரில் ஒப்பாரிக்கு முதல் குரல் எடுப்பவள் இவள்தான். என்னைப் பார்த்து, “இப்போ நல்லா கேக்குதா தம்பி?” என்றாள்.

நோய் தொற்றும் என்பதால் படுக்கையை முரசு அறைக்கு மாற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 15

பட்டாணி குதித்தது.

பிற்பகல், எதிரியின் பீரங்கிக்காரர்கள் சாப்பிடப் போகிற நேரம். முதலில் ஒரே ஒரு பட்டாணி, ஓரத்தில் இருந்தது, உருண்டு நடுவுக்கு வந்தது. பிறகு எல்லாம். முயிரிஸைக் கூப்பிட்டேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். “சிலுவை அப்புறம், போய் ரெண்டாவது முரசைப் பாருங்க,” என்றேன். அதுவும் ஆடியது. கிழக்கு. மதிலுக்கு நேர் கீழே, அல்லது அதை ஒட்டி.

நான் சொன்னேன். வருவான் என்று சொன்னேன்.

அக்டோபர் 18

ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் ஒரு அடி. சற்று இடைவெளி. பிறகு பல அடிகள் சேர்ந்து, ஒரே நேரத்தில். பிறகு மௌனம். மறுபடி ஒரு அடி.

நான் பார்த்த சுரங்கக்காரர்கள் இப்படித் தோண்டியதில்லை. ஆளாளுக்கு அவனவன் வேகத்தில் வெட்டுவான். இவன் தாளம் சொல்லிக்கொடுத்திருக்கிறான். சத்தத்தை ஒரே நேரத்தில் முடித்துக்கொண்டு மீதி நேரம் மண் அள்ளுகிறான். கெட்டிக்காரன்.

கவர்னரிடம் எதிர்ச்சுரங்கம் கேட்டேன். நாம் உள்ளேயிருந்து அவனை நோக்கித் தோண்டி, அவன் ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெடிக்க வேண்டும். ஊரில் மிச்சம் இருக்கும் வெடிமருந்தில் பாதி இதற்குப் போய்விடும்.

“நீ சொல்றது தப்பா இருந்தா?”

“தப்பா இருக்காது.”

“அண்ணன் செத்து ஒரு வாரம்கூட ஆகல. கொஞ்சம் ஓய்வு எடுத்துட்டு...”

“பட்டாணிக்கு அண்ணன் கிடையாது கர்னல்.”

ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை: ஊர்க்காரர் ஒருவருக்கும் தெரியக்கூடாது, ஒற்றர்கள் இருக்கலாம். எனக்கும் அதுதான் வேண்டும். வடக்கத்திச் சிப்பாய்களை மட்டும் வைத்துத் தோண்டுவேன். தப்பாகப் போனால் என் கையில் துப்பாக்கியைக் கொடுத்துச் சாதாரணச் சிப்பாயாக மதில் மேல் நிறுத்துவதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அக்டோபர் 22

தோண்டுகிறோம். களிமண், நடுவில் கல். மரச் சட்டம் போதவில்லை, காலியான வீடுகளின் கதவுகளைப் பிடுங்கி முட்டுக் கொடுக்கிறேன். காலியான வீடுகளுக்குப் பஞ்சமில்லை.

அண்ணி தினமும் ரொட்டி கொண்டுவருகிறாள். உமி கலந்த மாவு, கருப்பாக இருக்கிறது. இன்று அவள் உள்ளங்கைகளில் துணிக்கட்டு. அடுப்பில் சுட்டுக்கொண்டாளாம். இரண்டு கையையுமா என்றேன். கைகளை இடுப்புத் துணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

மதிலுக்கு மண்கூடை சுமக்கப் பெண்களைக் கூப்பிட்டிருந்தோம். பாதிப்பேர் கையில் கட்டு. நூலாவின் கை வீங்கிக் கிடக்கிறது. எல்லோருமா அடுப்பில் கையை வைத்தார்கள்? வேலைக்குச் சோம்பல், அவ்வளவுதான். முழங்கால் பக்கம் பாவாடையெல்லாம் சேறு. சுத்தமாக இருந்தால் நோயாவது குறையும்.

அக்டோபர் 26

எதிரி என்னைக் கேட்கிறான்.

நாங்கள் தோண்டும்போது அங்கே சத்தமில்லை. நாங்கள் நிறுத்திக் காதை வைத்தால் அவன் தொடங்குகிறான். நாங்கள் மறுபடி தொடங்கினால் நிறுத்துகிறான். இன்று வேண்டுமென்றே கடப்பாரையால் மூன்று முறை தட்டச் சொன்னேன். கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பக்கமிருந்து எல்லாம் சேர்ந்து, இதுவரை இல்லாத பலத்தோடு, அடித்துத் தீர்த்துவிட்டார்கள். முரசிலிருந்து பட்டாணி சிதறித் தரையெல்லாம் உருண்டது.

அந்த இன்ஜினியர் யாரென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னோடு படித்தவனாகக்கூட இருக்கலாம். என் வயதுதான் இருக்கும். அவனும் ஒரு முரசை வைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பான். இந்த ஊரில் என்னைப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.

அக்டோபர் 30

அண்ணி ரொட்டியோடு வந்து, போகாமல் நின்றாள்.

“டர்லோ, செத்தவங்களுக்குக் காது கேக்குமா?”

“கேக்காது.”

“நூலா சொல்றா, நாம அவங்களை நினைச்சா கீழேர்ந்து பதில் வருதாம். தட்டுறாங்களாம். அன்னிக்கு மூணு தட்டு. தெளிவா. உங்க அண்ணன் வீட்டுக்குள்ள வரும்போது கதவை மூணு தரம்தானே தட்டுவார்?”

“எலியா இருக்கும்.”

“எலி எண்ணித் தட்டுமா?”

“அண்ணி, எனக்கு வேலை இருக்கு.”

அவள் முரசைப் பார்த்தாள். பட்டாணியைப் பார்த்தாள். இது என்ன என்று கேட்டாள். வேவு வேலை, சொல்லக்கூடாது என்றேன். கட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டே படியேறினாள். புண் ஆறாமல் ஏன் அவிழ்க்கிறாய் என்றேன். “கட்டோட மாவு பிசைய வராது,” என்றாள்.

பிற்பகலில் யார் மாவு பிசைகிறார்கள்?

அவள் போனபின் திசையை மறுபடி அளந்தேன். அதே இடம்தான். முரசும் சரியாக இருக்கிறது. எண்கள் ஒத்துவருகின்றன. மூட நம்பிக்கை வேறு, அளவு வேறு.

நவம்பர் 2

இறந்தவர்கள் நாள். ஃபிளாண்டர்ஸில் இன்று கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இங்கே ஒன்றுமில்லை, ஊர் பத்து நாள் பின்னால் இருக்கிறதே. நானும் ஏற்றவில்லை. மெழுகு சுரங்கத்துக்கு வேண்டும்.

நவம்பர் 6

முயிரிஸ் இன்று கேலி இல்லாமல் பேசினார், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

“கேப்டன், இத்தனை நாளா அடிக்கிறான். ஒரு அடிகூடக் கிட்ட வரலையே?”

“பாறை மாட்டியிருக்கும்.”

“பசங்க ரெண்டு பேர் உள்ளே போக மாட்டேங்கறாங்க. சுவருக்கு அந்தப் பக்கம் பொம்பளை மூச்சு விடுற மாதிரி இருக்காம். அழுகையை வாயில துணி வெச்சு அடக்கினா வருமே, அந்த மாதிரி.”

“காத்து.”

“பூமிக்குள்ள ஏது கேப்டன் காத்து?”

மறுத்த இருவரையும் காவலில் போட்டுவிட்டு நானே உள்ளே போனேன். சுரங்கத்தின் முனையில் நெற்றியை மண்ணில் வைத்துக் கேட்டேன். எதிரி அப்போது தொடங்கியிருந்தான். அடி நெற்றிக்குள் இறங்கியது. கடப்பாரை அடிக்கு ஒரு கூர்மை உண்டு. இது மொத்தையாக, மெத்தென்று இருந்தது. ஈரக் களிமண் சத்தத்தை மழுக்கும், படித்திருக்கிறேன்.

மூச்சு எதுவும் கேட்கவில்லை. ஏதோ கேட்டது. மூச்சு இல்லை.

மண்ணில் ஒரு செதுக்கிய கல் கிடைத்தது. வளைவின் ஒரு துண்டு மாதிரி. பழைய அஸ்திவாரம் ஏதாவது இருக்கும். ஊர்க்காரர் யாரையாவது கேட்கலாம். ஆனால் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள், ரகசியம் போய்விடும். தேவையில்லை. இந்த இடத்திலேயே நிறுத்தி வெடிமருந்தை வைக்கலாம், தூரம் போதும்.

நவம்பர் 9

கவர்னர் நாள் குறித்துவிட்டார். சனிக்கிழமை. எதிரி எப்போது அதிகமாக அடிக்கிறானோ அந்த நேரத்தில் திரியைப் பற்றவைப்பதாகச் சொன்னேன், அப்போதுதான் உள்ளே ஆள் நிறைய இருப்பான். எல்லோரையும் ஒரே தடவையில் முடித்துவிடலாம்.

பிற்பகல் அண்ணி வந்தாள். ரொட்டியை வைத்துவிட்டு முதல் தடவையாக என் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தாள். மெலிந்துவிட்டாள்.

“சனிக்கிழமை வர்றியா?”

“எங்கே?”

“இறந்தவங்க நாள். உங்க அண்ணனுக்கு ஒரு தடவையாவது நீ கை வைக்கணும்.”

“இறந்தவங்க நாள் போன வாரமே முடிஞ்சாச்சே அண்ணி.”

“உன் கணக்குல முடிஞ்சிருக்கும்.”

நான் வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

“எல்லாரும் வர்றோம்,” என்றாள். “கிழக்குத் தெரு மொத்தமும். சத்தம் போட மாட்டோம், பயப்படாதே. நீ கேட்ட மாதிரி வாயைக் கட்டிக்கிட்டுத்தான் இத்தனை நாளும் இருக்கோம். கையை மட்டும்தான் எங்களால கட்ட முடியல.”

“எங்கே கூடறீங்க?”

“ஒப்பாரி கூடாதுன்னு உத்தரவு வாங்கினவன் நீ. உன்கிட்ட இடத்தைச் சொல்லி எல்லாரையும் ஜெயில்ல போட வைக்கவா? வர்றேன்னு சொல்லு. கூட்டிட்டுப் போறேன்.”

“சனிக்கிழமை முடியாது. வேலை இருக்கு.”

“அரை மணி நேரம் டர்லோ.”

“வேலை இருக்குன்னு சொன்னேனே.”

அவள் எழுந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். என் தலையில் கை வைத்தாள். உள்ளங்கை மரப்பட்டை மாதிரி சொரசொரவென்று இருந்தது. “உனக்கும் சேர்த்து நான் அடிக்கிறேன்,” என்றாள்.

என்ன சொன்னாள் என்று அப்போது கவனிக்கவில்லை. திரியின் நீளத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதினேன் என்று தெரியவில்லை. மெழுகு வீண்.

நவம்பர் 11

மருந்துப் பீப்பாய்களை வைத்தாயிற்று. பின்னால் மண்மூட்டை அடுக்கி அடைத்தாயிற்று. வேலை சுத்தமாக இருக்கிறது. என் ஆசிரியர்கள் பார்த்தால் குறை சொல்ல மாட்டார்கள்.

இன்று பிற்பகல் எதிரி அடிக்கவில்லை. நாளைக்குத் தயாராகிறான்.

தலைகீழ் முகத்தை மறுபடி பார்த்தேன். மழையில் அதன் கண்களிலிருந்து நெற்றிக்குத் தண்ணீர் வழிகிறது.

நவம்பர் 12, சனி

முரசு அறையிலிருந்தே எழுதுகிறேன். திரி என் காலடியில். முயிரிஸ் படியில் நிற்கிறார். பீரங்கிகள் ஓய்ந்துவிட்டன.

ஒரு பட்டாணி.

தொடங்கிவிட்டார்கள். இவ்வளவு பேர் இதுவரை இருந்ததில்லை. முரசுத் தோலே உறுமுகிறது. ஒரு அடி, பிறகு எல்லாம். ஒரு அடி, பிறகு எல்லாம். பட்டாணி கொதிக்கிற மாதிரி.

முயிரிஸ் ஏதோ சொன்னார். “கேப்டன், இந்தத் தாளத்தை எங்கேயோ கேட்டிருக்கேன்,” என்றார். “எங்கம்மா செத்தப்போ...”

பிறகு சொல்லுங்கள் என்றேன். உச்சத்தில் இருக்கும்போதே தீ வைக்க வேண்டும்.

வைத்தாயிற்று.

மாலை: தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. மதில் நிற்கிறது. ஒரு விரிசல்தான், தலைகீழ் முகம் மட்டும் கழன்று விழுந்தது. என் கணக்கு ஒரு இடத்திலும் தப்பவில்லை. பட்டாணியைப் பொறுக்கி முரசின் மேல் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தேன். அசைவே இல்லை. முழு வெற்றி.

நவம்பர் 13

ரொட்டி வரவில்லை. பசிக்கிறது. அண்ணிக்குக் கோபம் போல. அரை மணி நேரம் போய்விட்டு வந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அந்த அரை மணியில்தான் எனக்கு வேலை.

ஆள் அனுப்பினேன். அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது என்றான். கிழக்குத் தெருவில் ஒரு வீட்டிலும் புகை இல்லையாம். ஆண்கள் மட்டும் வாசல்களில் நிற்கிறார்களாம். நூலாவின் மீன்கடைத் தரை உள்ளே இறங்கியிருக்கிறதாம், கடைக்குப் பின்னால் கீழே போகிற படிகள் தெரிகிறதாம்.

ரொட்டி எங்கே என்று கேட்டால் படியைப் பற்றிச் சொல்கிறான்.

நவம்பர் 14

தோண்டி எடுக்கிறார்கள். கவர்னர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பழைய துறவிமடத்தின் நிலவறையாம். மடத்தை நூறு வருடத்துக்கு முன் இடித்து, அந்தக் கல்லில்தான் மதில் கட்டினார்களாம். நிலவறை அப்படியே கீழே இருந்திருக்கிறது. கொள்ளைநோயில் செத்தவர்களை அங்கேதான் புதைத்தார்களாம். வண்டி அங்கேதான் போனதாம்.

“ஊருக்கே தெரியும்,” என்றார் கவர்னர். “எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. நாம ரெண்டு பேரும் ஒருத்தரையும் கேக்கல.”

எதிரியின் கடப்பாரைகள் எங்கே என்று கேட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்றார்கள். மண்வெட்டியும் இல்லை. இன்னும் ஆழமாகத் தோண்டினால் கிடைக்கும் என்றேன். தோண்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். இந்த ஊரில் சத்தமில்லாமல் இருக்க எல்லோரும் நன்றாகப் பழகிவிட்டார்கள்.

சாக்கு போட்டு மூடி வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஒருத்தியின் கைகள் சாக்குக்கு வெளியே இருந்தன. உள்ளங்கைகளைப் பார்த்தேன். கட்டு இல்லை. சாக்கை விலக்கி முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 16

எதிரிப் பக்கமிருந்து ஊதுகொம்புக்காரன் ஒருவன் வெள்ளைத் துணியோடு மதிலடிக்கு வந்தான். சனிக்கிழமை அது என்ன சத்தம் என்று அவர்கள் தளபதி கேட்கச் சொன்னாராம். அவனே தொடர்ந்தான். “நாங்க ஒண்ணும் செய்யலையே! எங்ககிட்ட சுரங்கம் தோண்ட ஆளே கிடையாது!”

பொய். அப்படித்தான் சொல்லச் சொல்லி அனுப்புவார்கள்.

அவனுடைய இன்ஜினியர் பெயரைக் கேட்டேன். இன்ஜினியர் யாரும் இல்லை என்றான். மேலே நிமிர்ந்து ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

புதைப்பதற்காக இரண்டு நாள் பீரங்கி சுட மாட்டார்களாம். கவர்னர் ஒப்பாரித் தடையை நீக்கிவிட்டார். தெருவில் தண்டோரா போட்டுச் சொன்னார்கள். ஆண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அழுகையை எப்படித் தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முதல் குரல் எடுக்க ஆளில்லை.

கவர்னர் என்னை மதில் மேல் நிறுத்தவில்லை. முரசு அறைக்குத் திரும்பி வந்தேன்.

நவம்பர் 19

பட்டாணி குதிக்கிறது.

அதே தாளம். ஒரு அடி. இடைவெளி. பிறகு... பிறகு வர வேண்டியது வரவில்லை. மறுபடி ஒரு அடி. அவன் ஆட்களை இழந்துவிட்டான், தனியாகத் தோண்டுகிறான் என்று குறித்துக்கொண்டேன். மிக அருகில். இவ்வளவு அருகில் இதுவரை வந்ததில்லை. அறைக்குள்ளேயே இருக்கிற மாதிரி.

முயிரிஸை அழைத்துக் காட்டினேன். அவர் முரசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“எங்கேர்ந்து வருது சொல்லுங்க,” என்றேன்.

“கேப்டன், முழங்கால்லேர்ந்து எழுந்திருங்க.”

“திசையைச் சொல்லுங்க.”

அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தார். என் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துத் தரையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார். பட்டாணி நின்றது.

“ஈரம்,” என்றேன். “தோல் ஈரமா இருந்தா இப்படி ஆகும்.”

“ஆமா கேப்டன்,” என்றார். சட்டையின் ஓரத்தைக் கிழித்து என் உள்ளங்கைகளில் சுற்றினார். மண்வெட்டி பிடித்து உரிந்திருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். நான் மண்வெட்டி பிடித்து ரொம்ப நாளாயிற்று என்று அவருக்குத் தெரியும். ரொட்டித்துண்டு ஒன்றை வைத்துவிட்டுப் படியேறிப் போனார். அது அண்ணி சுட்டது இல்லை.

அவர் போனதும் கட்டை அவிழ்த்துவிட்டேன். கட்டோடு சரியாகச் சத்தம் வருவதில்லை.